பனை உச்சியிலிருந்து ஓர் அறிவிப்பு

ஏரிக்கரை மைனாக்களில் இளசுகள் கூடி ஒரு சங்கம் வைத்தன. எங்கே தானியம் சிந்திக் கிடக்கிறது, எங்கே பருந்து சுற்றுகிறது என்று பனை உச்சியிலிருந்து கரை முழுவதற்கும் சேதி சொல்வதுதான் அதன் வேலை. கரையடி வளையில் குட்டிகளோடு இருந்த எலிக்கு அந்தக் குரல்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஐப்பசி மழையில் கரை உடைந்தது. செயலாளர் மைனா பனைக்குப் பறந்தது.

"சங்கத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இடம் தந்து உதவிய பனைமரம் அவர்களே..."

எலி காதைத் தீட்டிக்கொண்டு வளைவாசலில் நின்றது. "இனிமேதான் சேதி வரும், சத்தம் போடாதீங்க" என்று குட்டிகளை அதட்டியது.

சேதிக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. எலி மட்டும் ஒரு மட்டையைப் பற்றிக்கொண்டு கரையேறியது.

மறுநாள் பனையடியில் இரங்கல் கூட்டம். செயலாளர் மைனா நிஜமான துக்கத்தோடுதான் முன்னால் வந்தது. "தலைவர் அவர்களே..." என்று தொடங்கியது.

ஈரம் காயாத எலி நிமிர்ந்து பார்த்தது.

"தம்பி, இன்னைக்காவது எம் புள்ளைங்க பேரை முதல்ல சொல்லுப்பா."

அந்தப் பெயர்களை மைனா ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.