சீல் ஆர்டர்

“அண்ணே, படிக்கிற கண்ணாடி ஒடஞ்சிபோச்சு. மெஹ்னாஸும் காலேஜுக்குப் போயிட்டா. இதுல இன்னா போட்டுக்கீதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லேன்.”

பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா போனை நீட்டியதும் கிருஷ்ணப்பன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். திருவொற்றியூரின் அந்தச் சந்தில் யாருக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் அவரிடம்தான் வரும். ஒன்பதாவதோடு நின்றுபோன படிப்புதான். ஆனாலும் ஒரு மாத்திரை அட்டையைக்கூட அவர் முழுசாக வாசித்துக் காட்டாமல் விட்டதில்லை.

எழுத்து எழுத்தாகக் கூட்டினார். கூட்டக் கூட்ட அவர் முகம் மாறியது.

“யுவர் சீல் ஆர்டர்... வில் ரீச்... டுமாரோ... பிஃபோர் லெவன். தங்கச்சி, நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குள்ள சீல் ஆர்டர் வருது. உன் வூட்டு அட்ரஸ்தான் போட்டுக்கீது.”

“அப்டின்னா இன்னாண்ணே?”

“கார்ப்பரேஷன்லேர்ந்து சீல் வெக்க வராங்கன்னு அர்த்தம். மாடில பாத்ரூம் இழுத்துக் கட்டினியே, பர்மிஷன் வாங்கினியா?”

ரஹீமுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “வர்றவங்க வரட்டும்ண்ணே. எல்லாரும் இந்தச் சந்து வழியாத்தான வரணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் கிருஷ்ணப்பன் தன் ஷெட்டை நிமிர்ந்து பார்த்தார். சந்தில் பாதி அவருடைய தகர ஷெட். மூன்று வருஷத்துக்கு முன்பு வெயிலுக்காக ஒரு தகரம் போட்டார். தகரத்துக்குக் கால் வேண்டும் என்று இரண்டு கம்பம் நட்டார். நிழல் வீணாகக் கூடாதே என்று மேசையையும் வெளியே இழுத்துப் போட்டார். மிச்சமிருந்த இடத்தில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம், அவ்வளவுதான்.

ரஹீமுன்னிசாவின் கணவர் அத்தாவுல்லாவுக்கு வாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஹார்பரில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடலைப் பார்க்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். சக்கர நாற்காலி அந்த ஷெட்டைத் தாண்டிப் போகாது. ஆஸ்பத்திரிக்கு என்றால் நாலு பேர் மூட்டை மாதிரி தூக்கிப் போவார்கள். அவள் தன்மையாகக் கேட்டாள், அழுதும் கேட்டாள். கிருஷ்ணப்பன் கெட்டவர் இல்லை. கேட்கும்போதெல்லாம் “நாளைக்கு எடுத்துடறேன் தங்கச்சி” என்பார். அந்த நாளைக்குதான் வந்தபாடில்லை.

இப்போது அது பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது.

பாத்ரூமுக்கு வருகிற அதிகாரி முதலில் இடித்துக்கொள்ளப் போவது தன் கம்பத்தில்தான் என்று கிருஷ்ணப்பனுக்குத் தெரிந்துவிட்டது. கடைக்கு சீல் வைத்தால் உள்ளே இருக்கும் நாற்பது பேண்ட்டுக்கு ஊருக்கு யார் பதில் சொல்வது? சாயங்காலத்துக்குள் தகரத்தைக் கழற்றினார், கம்பத்தைப் பிடுங்கினார், மேசையை உள்ளே திணித்தார்.

மனைவி பூவம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா கேட்டப்ப கழலாத போல்ட்டு, இன்னிக்கு மட்டும் எப்டிய்யா கழலுது?”

அவர் அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தார்.

மறுநாள் காலை, ஒன்றும் அறியாத பிள்ளை போல, மடிப்புக் கலையாத சட்டையுடன் கடைவாசலில் நின்றார். பத்தே முக்காலுக்கு ஸ்கூட்டரில் ஒரு கூரியர்காரர் வந்தார். ரஹீமுன்னிசாவிடம் சோப்புப் பெட்டி அளவில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை.

அவள் அங்கேயே பிரித்தாள். உள்ளே மரக் கைப்பிடி போட்ட ஒரு பழைய பித்தளை முத்திரை, அடியில் நங்கூரம் செதுக்கியது. கூடவே ஒரு சிவப்பு அரக்குக் குச்சி.

“இதான் சீலா?” கிருஷ்ணப்பன் எட்டிப் பார்த்தார்.

“வெள்ளக்காரன் காலத்து சீலாம்ண்ணே. எழுதுற மேஜை மேல அழகுக்கு வெப்பாங்களாம். இவரு ஹார்பர்ல சாக்குப் பைக்கெல்லாம் அரக்கு வெச்சவராச்சே, அதான் மெஹ்னாஸ் அவ அத்தாவுக்கு வாங்கிக்கீறா.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. மறுபடி மாட்ட நேராகப் போய் ஒரு தகரத்தைத் தூக்கினார்.

அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. காலேஜுக்கு லீவு போட்டிருந்த மகள் மெஹ்னாஸ் தள்ளிவர, கிருஷ்ணப்பன் தேய்த்துக் கொடுத்த சட்டையில் அத்தாவுல்லா உட்கார்ந்திருந்தார். கடை எதிரே வந்ததும் நல்ல கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கப்பல் பாக்கப் போறேன் தோஸ்து. நீ வழி உட்டியாமே.” வாய் கோணியதால் வார்த்தை குழறியது.

கிருஷ்ணப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று. தகரத்தைச் சுவரோடு சாய்த்து வைத்தார். நாற்காலி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“அண்ணே, இஸ்திரிப் பொட்டிய ஒரு நிமிஷம் குடு. இத வெச்சிப் பாத்துட்றேன்” என்றாள் ரஹீமுன்னிசா.

சூட்டில் அரக்கைக் காட்டினாள். அது உருகி, கடைப் படியின் விளிம்பில், நேற்றுவரை ஷெட் தொடங்கிய அதே இடத்தில் சொட்டியது. இடது கையில், முத்திரையோடு வந்த தீப்பெட்டி அளவுச் சீட்டு. முழுக்க எறும்பு எழுத்தில் இங்கிலீஷ்.

“பத்து எண்ற வரைக்கும் ஆற வுடணுமாம். அப்புறம் சீல அமுக்கிட்டு, அசைக்காம தூக்கணுமாம்” என்று தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே முத்திரையை அழுத்தி எடுத்தாள். படியில் சிவப்பாக ஒரு நங்கூரம் பதிந்தது.

குனிந்து ரசித்த கிருஷ்ணப்பனுக்கு என்னவோ உறைத்தது. மெதுவாக நிமிர்ந்தார்.

“கண்ணாடி சரியாயிட்ச்சா, தங்கச்சி?”

“எந்தக் கண்ணாடிண்ணே?” என்றாள் அவள், சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தபடி.