விரிசல் விட்ட டிவிடி

"தம்பி, அது சுத்துற சத்தமா, உடையற சத்தமா?"

"சுத்துறதுதான் ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்றான் ஒலெக். பயந்துகொண்டிருந்தது அவன்தான்.

யாகோடாவின் வீட்டுக்கு இன்றுதான் முதல்முறையாக வந்திருக்கிறான். அவளைக் கட்டிக்கொள்ள அவள் அப்பாவிடம் சம்மதம் கேட்க வேண்டும். காலுக்கு வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுத்த கையோடு அவள் அம்மா பொஜெனா ஒரு பழைய டிவிடியையும் கொடுத்துவிட்டாள். அதன் நடு ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அதில் இருக்கும் இத்தாலியப் படத்தைக் கணினியில் ஏற்றித் தர வேண்டுமாம். யாகோடாவோ, "இதுல எல்லாம் இவன் புலிம்மா" என்று அளந்துவிட்டு, அத்தையைக் கூட்டிவர ரயிலடிக்குப் போய்விட்டாள்.

அப்பா செவெரின் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை குலுக்கினார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார் என்று யாகோடா முன்பே எச்சரித்திருந்தாள். என்ன வேலை என்று கேட்டபோது, "ஒலிப்பதிவுக்கூடத்துல" என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருந்தாள்.

"இந்தப் படம் கடையில கிடைக்காதா ஆன்ட்டி?"

"படம் கிடைக்கும். ஆனா இந்தத் தட்டுல இருக்கிறது வேற எங்கயும் கிடைக்காது. இவர் வேலைக்குச் சேர்ந்து முதமுதல்ல பண்ணின படம் தம்பி. இவருக்கு உயிரே இதுலதான்."

மாமனார் ஆகப்போகிறவரின் உயிர் இப்போது ஒலெக்கின் கையில். படத்தோடு எந்த ஒலியை, எந்த எழுத்தை எடுக்கட்டும் என்று கணினி கேட்டது. ஒலிக்கூடத்துக்காரருக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கவா வேண்டும்? தேவையானதை மட்டும் தட்டிவிட்டு ஓடவிட்டான்.

பாதி ஓடியதும் திரையில் கோடு நகராமல் நின்றது. டிரைவ் கரகரத்தது.

"நின்னுடுச்சா?" என்றாள் பொஜெனா.

"சில இடத்துல திணறும் ஆன்ட்டி. விட்டுப் பிடிக்கணும்."

செவெரின் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மூச்சு ஒலெக்கின் பிடரியில் பட்டது. எலுமிச்சை போட்ட தேநீர் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. தட்டை வெளியே எடுத்தால் மறுபடி சுற்றுமா என்பது சந்தேகம். எடுக்காவிட்டால் உள்ளேயே சிதறினாலும் சிதறும். இதற்கு நேராகவே பெண் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று நொந்துகொண்டான்.

கடைசியில் கோடு நகர்ந்தது. படம் முழுதும் வந்து சேர்ந்தது. அடியில் வரும் வசன எழுத்துகளைக் கணினி அங்கங்கே தப்பாகப் படித்திருந்தது. அதையும் அவன் பொறுமையாகத் திருத்தினான். பிறகு பெருமூச்சு விட்டுத் தட்டை வெளியே எடுத்தான். அது கையிலேயே இரண்டாகப் பிளந்தது.

"ஐயோ தம்பி" என்று பொஜெனா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"போனா போகட்டும் ஆன்ட்டி. வேண்டியது எல்லாம் உள்ள வந்தாச்சு." போன உயிர் திரும்பிவந்த தெம்பில் அவன் செவெரின் பக்கம் திரும்பினான். "சார், ஒலிக்கூடத்துல இருக்கிற உங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். அசல் இத்தாலியச் சத்தம், கீழே நம்ம எழுத்து, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு மேல எல்லார் வசனத்தையும் போலிஷ்ல படிச்சுக்கிட்டே போவானே ஒரு ஆள், அவனை மட்டும் தூக்கிட்டேன்."

தான் புகழ்ந்தது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவன் மேலும் ஏற்றினான்.

"டிவியில எந்த வெளிநாட்டுப் படம் போட்டாலும் அவன்தானே சார். சுட்டாலும் ஒரே குரல், முத்தம் கொடுத்தாலும் அதே குரல். கதாநாயகிக்கும் அவனே படிக்கிறான். தூங்கி வழியிற ஆசாமி. அவன் இல்லாம கேட்டுப் பாருங்க, படம் எப்படி இருக்குன்னு."

பொஜெனா கையிலிருந்த கேக் தட்டை மெல்ல மேசையில் வைத்தாள். கணவர் முகத்தைப் பார்த்தாள்.

செவெரின் உடைந்த துண்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"பரவாயில்லை தம்பி. அந்த ஆளுக்கு இதெல்லாம் பழகிப்போச்சு."

கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. சின்ன வயதிலிருந்து டிவியில் எத்தனையோ கொலைகாரர்களும் காதலிகளும் ஒலெக்கிடம் பேசிய அதே குரல்.