கடுகின் சம்மதம்

நாய் சொல்ல நினைப்பதைக் கழுத்துப்பட்டி பேசும். நாயே ‘போதும்’ என்றால்தான் கடைசி ஊசி போடலாம் என்பது சட்டம்.

காப்பகத்திலிருந்து நாங்கள் தத்தெடுத்த இரண்டு சின்ன நாய்களில் கடுகுக்குப் புற்றுநோய். நான்கு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பதினோரு வருடமாக இரண்டையும் பார்த்துவரும் டாக்டர் மெஹருன்னிசா மேசையருகே குனிந்தார்.

“ரொம்ப வலிக்குதாடா கடுகு?”

“நல்லா இருக்கேன்,” என்றது பட்டி.

“பொய் சொல்றான் டாக்டர்,” என்றேன்.

“நாய்க்குப் பொய் தெரியாதும்மா. வீட்ல யாரோ பழக்கியிருக்கீங்க.”

பட்டி மாட்டிய புதிதில், ‘நல்லா இருக்கேன்’ என்று அது சொன்னபோதெல்லாம் நான்தான் பிஸ்கட் கொடுத்தேன். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார். கடுகு மூச்சிரைத்தபடி என் கையையே பார்த்தது.

“நல்லா இருக்கேன்.”