வேறு அடுப்பு

விசாலி ஜெர்மனில் எழுதிக் கொடுத்த கட்டுரையை மூன்றாம் முறை படித்தும் ரீனாவுக்கு மனசு ஆறவில்லை. 'கல்யாணமான இருபதாம் நாளே அத்தை என்னைத் தனியாகச் சமைக்கச் சொல்லிவிட்டார். ஒரு வருஷத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அளந்து கொடுத்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குழம்பு, இந்தப் பக்கம் என் ரசம். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.'

ரீனா நாகர்கோவில்காரி. காரைக்குடிக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. விசாலியின் புருஷனுக்கு அடுத்த வருஷம் ஜெர்மனியில் வேலை. அதற்குள் பரீட்சை தேற வேண்டுமென்று அவள் முட்டி மோதியும், கட்டுரை வாராவாரம் சிவப்பு மையில் முங்கித்தான் திரும்பும். 'என் குடும்பம்' என்ற இந்த ஒன்றில்தான் ரீனாவுக்குப் பேனா வைக்க இடமில்லை. பட்டவள் எழுதினால் மொழி தானாக வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கோட்டையூர் டவுன் பஸ் பிடித்து விசாலியின் வீட்டுக்கே போய்விட்டாள். மாமியார் பெத்தாச்சி காபி கொடுத்து உபசரித்தார். விசாலி தூணோரம் நின்றாள். ரீனா டம்ளரைத் தொடாமல், வந்த பெண்ணை இப்படி ஒதுக்கி வைக்கலாமா என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

பெத்தாச்சிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

"எங்கள்ல கல்யாணம் முடிஞ்சா மகனை வேற வச்சிருவோம் டீச்சர். ஒரே வீடு, ரெண்டு சமையல். என் மாமியா என்னையும் அப்படித்தான் வச்சாக."

ரீனாவுக்கு அசடு வழிந்தது. ஆனாலும் வந்த காலோடு திரும்ப மனசில்லை. முறை கிடக்கட்டும், உங்கள் மருமகள் எவ்வளவு ஏங்கி எழுதியிருக்கிறாள் பாருங்கள் என்று கட்டுரையை வரிக்கு வரி தமிழில் சொன்னாள்.

கேட்கக் கேட்கப் பெத்தாச்சியின் கண் கலங்கிவிட்டது. இனி மூணு வேளையும் ஒரே அடுப்புதான், நானே பக்கத்தில் நின்று எல்லாம் பழக்கிவிடுகிறேன் என்றவர், மருமகளின் காஸ் அடுப்பைத் தூக்கிவர அப்போதே உள்ளே போனார்.

விசாலி நன்றி சொல்வாள் என்று ரீனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் தலை மறைந்ததும் ஓடி வந்து காதருகே குனிந்தாள்.

"மிஸ், நான் சந்தோசத்துல எழுதுனேன் மிஸ். எப்படியாச்சும் என் அடுப்பை மீட்டுக் குடுத்துட்டுப் போங்க."