எண்ணெய் வண்டி கேட்ட சத்தியம்

செண்பகத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்து முடித்த நேரம். ஐம்பது டேங்கர் பெட்ரோலோடு நின்றிருந்த ரயில், தண்டவாளம் சரிபார்க்கும் கீமேனான அவள் அப்பா இசக்கியப்பனுக்குப் போன் போட்டது.

"அண்ணாச்சி, பாலம் வரைக்கும் தண்டவாளம் பாத்தாச்சா?"

"காலைலயே ரிப்போர்ட் போட்டாச்சே!"

"ரிப்போர்ட் கெடக்கட்டும். மக தலைல கைவச்சுச் சத்தியம் பண்ணுங்க."

எண்ணெய் வண்டிகளுக்கு மூளை வைத்ததிலிருந்து இதே ரோதனைதான். ரிப்போர்ட்டில் புளுகுகிற மனுசன் பிள்ளை தலையில் புளுகமாட்டான் என்று அந்தச் சனியன் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டது.

இசக்கியப்பனின் கை மகள் தலையிலிருந்த மல்லிகைப்பூ வரை போய்த் தானாகத் திரும்பியது. விசேஷ அவசரத்தில் அவர் பாலத்துக்குப் போகவே இல்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, ஸ்பேனரோடு ஓடினார்.

அங்கே நாலு போல்ட் லொடலொடவென்று ஆடின. முடுக்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ரயில் கிளம்பியது.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா மெல்ல ஆரம்பித்தாள்: "பொண்ணுக்குக் கோவமே வராதுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, அப்படியே அதுக்கும் ஒரு சத்தியம்..."

இசக்கியப்பன் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தார்.

"இன்னொரு பாலம் இருக்கு மதினி. ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்."