ஆமை நீட்டிய கழுத்து

காட்டு கிரிக்கெட்டில் ஆமைதான் அம்பயர். கழுத்தை முழுசாக நீட்டினால் அவுட், ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டால் நாட் அவுட். மந்தியின் ஆட்டம் என்றால் ஆமைக்கு உயிர்.

அன்று மந்தியின் ஆட்டத்தைப் பார்க்கக் காடே திரண்டிருந்தது. புதிதாகப் பந்து போட வந்த அணிலின் முதல் பந்தே மட்டையை லேசாக உரசி, பின்னால் நின்ற முயலின் கைக்குப் போனது. உரசிய சத்தம் ஆமைக்குக் கேட்டது. ஆனாலும் கழுத்து தானாக உள்ளே போகப் பார்த்தது. அணில் ஆமையையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆமை கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியது. கூட்டம் ஏசித் தீர்த்தது.

மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த மந்தியிடம், "கோபமா?" என்றது ஆமை.

"இல்லண்ணே. இனிமே நீங்க எனக்கு நாட் அவுட் குடுத்தா, அந்த அணிலே நம்பும்."