புகார் போன்

"நீங்களே பாருங்கம்மா. மூணே நிமிஷம், காரைக்கால் கொந்தளிக்கும்," என்றபடி நீலமேகம் கருவிகள் அடுக்கிய ரேக்குக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே ஒயரைப் பிடுங்கினார்.

அவருடைய கேபிள் சேனலான நீலம் டிவியை ஊருக்குள் கொண்டுபோகும் ஒயர் அது.

நேரமும் சாதாரண நேரமில்லை. மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வந்துகொண்டிருந்தார். மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாகக் கொட்டியது. கேமராவிலிருந்து நேராக வரும் அந்தக் காட்சி, அலுவலக டிவியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எதிரே சந்திரலேகா. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்தவள். மேசையில் ஒப்பந்தம்: நீலமேகத்தின் லைன்களில் இனி இன்டர்நெட் ஓடும், நீலம் டிவி நிற்கும். பகல் பன்னிரண்டுக்குள் கையெழுத்து இல்லையென்றால் அவள் நெடுங்காட்டு ஆபரேட்டரிடம் போய்விடுவாள். அதன்பின் நீலமேகத்துக்கு மிஞ்சப்போவது கம்பங்களில் தொங்கும் ஒயர்தான்.

நீலம் டிவியை இப்போது யாரும் பார்ப்பதில்லை என்றாள் அவள். இரண்டு முறை மறுத்துவிட்டார். இரண்டு முறையும் எழுந்து நின்று, சால்வை போர்த்தப்பட்டவர் பேசுவது போல.

விசிட்டிங் கார்டில் அவர் 'சேர்மன்'. வாசல் போர்டில் 'காரைக்காலின் ஒரே கண்'.

மேசையில் புகார் போன். மூன்று வருஷத்துக்கு முன் இதே வீதியுலாவில் படம் அரை நிமிஷம் ஆடியபோது நாற்பது பேர் கூப்பிட்டார்கள். அம்பகரத்தூர்க்காரர் ஒருவர் நீலமேகத்தின் தாத்தா வரைக்கும் போய்த் திட்டினார். அதை ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மேடையில் சொல்லிப் பெருமைப்படுவார்.

போன வருஷம் யாரும் கூப்பிடவில்லை. படம் அவ்வளவு துல்லியம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று நிமிஷம் ஆனது.

போன் அடிக்கவில்லை.

"எல்லாரும் கோயில்ல இருக்காங்க."

"அவ்வளவு தள்ளி, விழிதியூர்ல இருக்கிறவங்களுமா சார்?"

ஐந்தாவது நிமிஷம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். டயல் டோன் கணீரென்று இருந்தது. பழுதாக இருந்திருக்கக் கூடாதா.

யாராவது திட்டுங்களேன். ஒரே ஒரு ஆள். தாத்தா வேண்டாம், அப்பா வரைக்கும் போனால்கூடப் போதும்.

ஒன்பதாவது நிமிஷமும் ஆனது.

"பாவம், ஜனங்க தவிச்சுப் போயிருப்பாங்க. போட்டுடுறேன்," என்று எழுந்தார்.

ரேக்குக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்தார்.

அவர் பிடுங்கிய ஒயர் ஒரு முழத்தில் முடிந்துபோயிருந்தது.

முனையில் எலிப் பல் பட்ட தடம்.

மறு துண்டு சுவரோரம் கிடந்தது. அதன்மேல் ஒட்டடை படிந்து, தூசி கனத்து, ஒரு பூச்சி எப்போதோ சிக்கி உலர்ந்து கிடந்தது.

இன்று பிடுங்கியதால் எதுவும் நிற்கவில்லை. நிற்பதற்கு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

"படம் வந்துடுச்சா சார்?"

முழ ஒயரை எடுத்த இடத்திலேயே அழுத்திச் செருகினார்.

"வந்துடுச்சும்மா."

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை பேச எழுந்து நிற்கவில்லை. பேனாவுக்குக் கையை மட்டும் நீட்டினார். பன்னிரண்டுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

கையெழுத்துப் போடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் வீட்டு டிவிக்குப் போவதும் அதே ஒயர்தான்.